பழுது பார்க்கும் செலவு யாருடையது?

பிரிட்டிஷ் ராணுவத்தார் தங்கள் புதிய கவச வண்டிக்கு ‘அஜாக்ஸ்’ என்று பெயர் சூட்டினார்கள். கிரேக்கரின் பழங்கதையில் வரும் அஜாக்ஸ் தன் பெரிய கேடயத்தால் தோழர்களைக் காத்து நின்றவன். பெயர் வைத்தவர்களிடம் நாம் குறை காணவில்லை. ஆனால் அந்தக் கேடயத்திற்குள் ஒதுங்கிய சிப்பாய்களுக்கே காது இரையத் தொடங்கிற்று. உடம்பு அதிர்ந்து நோவு கண்டது. பகைவன் குண்டிலிருந்து காப்பதற்கென்று செய்த வண்டி, ஒரு பகைவனும் இல்லாத பயிற்சி மைதானத்தில் தன்னுள் ஏறியவனையே வருத்தியது. இதைச் செம்மைப்படுத்தும் செலவு யாருடையது? இந்தக் கேள்வி அந்நாட்டில் நியாயஸ்தலத்தில் அல்ல, பார்லிமெண்டிலும் தணிக்கை அறிக்கைகளிலும் இலாகாவின் கடிதப் போக்குவரத்திலும் வருஷக்கணக்காக வழக்காடப்பட்டு வந்திருக்கிறது. ராணுவச் செலவு என்ற பெயர் சொன்ன மாத்திரத்தில் கேள்வி கேளாமல் கையெழுத்திடும் வழக்கம் எல்லாத் தேசங்களிலும் உண்டாதலால், நம் நேயர்கள் இவ்வழக்கைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டுமென்று கருதுகிறோம்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுவோம். 2010-ம் வருஷத்தில் ஜெனரல் டைனமிக்ஸ் கம்பெனியின் பிரிட்டிஷ் கிளையிடம் மாதிரி வண்டிகளைச் செய்து காட்டும் வேலை ஒப்படைக்கப்பட்டது. 2014 செப்டம்பரில் 589 வண்டிகள் செய்து தரும்படி ஒப்பந்தமாயிற்று. ஆரம்பகாலப் பராமரிப்பும் சேர்த்து மொத்தக் கிரயம் சுமார் 552 கோடி பவுன். இடையில் செலவு ஏறினாலும் கம்பெனி விலையை ஏற்றக்கூடாது என்பது ஏற்பாடு. 1970-க்கு அடுத்த வருஷங்களில் படையில் சேர்ந்த பழைய வேவு வண்டிகளுக்குப் பதிலாக இவை 2017-ல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 2020-க்குத் தள்ளிப்போயிற்று, பிறகு 2021 ஜூனுக்கு. அந்த ஜூனில் வந்தது வண்டி அல்ல, சோதனை ஓட்டங்களை நிறுத்தி வைக்கும் உத்தரவு. அதற்கு முன்பே 2020 நவம்பரில் ஒரு தடவை நிறுத்தி, சில மாதங்களுக்குப் பின் மறுபடி தொடங்கியிருந்தார்கள். ஓசையும் அதிர்வும் தாங்கத்தக்க அளவில் இல்லை என்பதே காரணம். இவற்றுக்கு ஆட்பட்டிருக்கக் கூடியவர்கள் என்று 310 சிப்பாய்கள் அடையாளம் காணப்பட்டார்கள்.

2020 டிசம்பர் முதல் இலாகா கம்பெனிக்குப் பணம் கொடுப்பதை நிறுத்திற்று. தேசியத் தணிக்கை நிலையம் 2022 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால், இலாகாவும் கம்பெனியும் தீராத பாதுகாப்புக் குறைகள் பலவற்றில் அடிப்படையிலேயே மாறுபட்டு நின்றன என்பது தெரியவரும். வண்டி ஒப்பந்தப்படி இல்லை, உபயோகத்துக்குத் தகுதியாக இல்லை என்பது இலாகாவின் கட்சி. எங்கிருந்து பழுது வந்தது, அதற்கு ஜவாப்தாரி யார் என்பதில் கம்பெனியின் கட்சி வேறு.

நாம் சட்டக் கலாசாலையில் முதன்முதல் உருப்போட்ட வாசகங்களில் ஒன்று, வாங்குகிறவனே ஜாக்கிரதையாயிருக்க வேண்டும் என்பது. மாட்டுச் சந்தைக்கு அது சரி. பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி எண்ணி, நாலு அடி நடக்கவிட்டுப் பார்த்த பிறகே துண்டுக்கடியில் கை போகும். மறுநாள் மாடு படுத்துக்கொண்டால் விற்றவனைத் தேடி யாரும் போவதில்லை. ஆனால் இன்னும் செய்யப்படாத ஒரு பொருளுக்குப் பல்லும் ஏது, சுழியும் ஏது? அதனால்தான் சட்டம் அந்தப் பழைய விதியைத் தளர்த்திற்று. நமது 1930-ம் வருஷத்திய சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவு, 1893-ம் வருஷத்திய ஆங்கிலச் சட்டத்தை ஒட்டியது. இன்ன காரியத்துக்கு வேண்டும் என்று வாங்குகிறவன் சொல்லி, விற்கிறவனுடைய தொழில் திறமையை நம்பி வாங்கினால், சரக்கு அந்தக் காரியத்துக்குத் தக்கதாயிருக்க வேண்டும் என்பது எழுதப்படாத நிபந்தனை என்கிறது அப்பிரிவு. சிப்பாய் உட்கார்ந்து போகவேண்டிய வண்டியில் சிப்பாய் உட்காரமுடியவில்லை. இதற்குமேல் வழக்கு என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம்.

இருக்கிறது. திறமையை நம்பி என்ற இரண்டு சொற்களில் இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவத்தார் கம்பெனியின் திறமையை நம்பிச் சும்மா இருந்துவிடவில்லை. ஸ்பெயினிலும் ஆஸ்திரியாவிலும் ஓடிக்கொண்டிருந்த ஒரு வண்டியை அடிப்படையாகக் கொண்டு, சுமார் 1,200 தேவைகளை அதன் மேல் ஏற்றினார்கள். அது வேண்டும், இது வேண்டும், இத்தனை கவசம் வேண்டும், இத்தனை மின்சாரக் கருவி வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். வேறெந்தப் படையும் உபயோகித்தறியாத வண்டியாக அது மாறிற்று. ஜாபிதா நீள நீள, ‘உன் திறமையை நம்பினேன்’ என்று சொல்லும் உரிமை வாங்குகிறவனுக்குக் குறைந்துகொண்டே வருகிறது. ‘நீர் சொன்னபடிதானே செய்தேன்’ என்ற பதில் விற்பவனிடம் வளர்ந்துகொண்டே போகிறது.

இந்தப் பதில் எவ்வளவு பெறும் என்பதை அமெரிக்க விமானப்படையின் விவகாரம் ஒன்று துலாம்பரமாகக் காட்டுகிறது. அது வண்டியல்ல, விமானம். ஆனால் நியாயம் ஒன்றே. வானத்தில் பறந்துகொண்டே மற்ற விமானங்களுக்கு எண்ணெய் ஊட்டும் கே.ஸி.46 என்ற விமானத்தைப் போயிங் கம்பெனி நிலையான விலைக்குச் செய்து தர 2011-ல் ஒப்புக்கொண்டது. அதில் இரண்டு பெரிய பழுதுகள் வெளிப்பட்டன. எண்ணெய்க் குழாயை இயக்குபவன் பின்புறத்தைப் பார்ப்பதற்கான காமிராக்கள் சரியாகக் காட்டவில்லை என்பது ஒன்று. குழாய் மிக விறைப்பாயிருந்ததால் மெதுவாகப் பறக்கும் ஒருவகைப் போர் விமானத்துக்கு எண்ணெய் ஊட்ட முடியவில்லை என்பது மற்றொன்று. காமிராக்களைப் புதிதாக வகுத்துத் தரும் செலவைத் தானே ஏற்பதாகப் போயிங் 2020-ல் உடன்பட்டது. குழாயின் விறைப்புக்கு மாத்திரம் அது ஒரு காசும் கொடுக்க இசையவில்லை. இசையவேண்டிய அவசியமும் இல்லை. என்ன விறைப்பு இருக்கவேண்டுமென்று விமானப்படையே முன்னர் ஒப்புக்கொண்டிருந்தது. அந்த அளவுப்படிதான் கம்பெனி செய்திருந்தது. ஆகவே 2019-ல் அதைத் திருத்தும் வேலையின் முதற்பகுதிக்கு 5 கோடியே 55 லட்சம் டாலரை அமெரிக்க சர்க்காரே கொடுத்தனர். ஒரே விமானம், இரண்டு பழுது. பணம் கொடுத்தவர்கள் வேறு வேறு. பழுதின் கொடுமை இதைத் தீர்மானிக்கவில்லை, காகிதத்தில் எழுதியிருந்த அளவு தீர்மானித்தது. இந்த நிலையான விலை ஒப்பந்தத்தில் போயிங் அடைந்த நஷ்டம் 700 கோடி டாலருக்கு மேல் போய்விட்டது என்பதையும் சொல்லவேண்டும். அதன் பிறகு அத்தகைய ஒப்பந்தங்களில் கையெழுத்திடக் கம்பெனியின் தலைவர்கள் அஞ்சுகிறார்கள். அச்சம் நல்லதா என்பது வேறு விசாரணை.

அஜாக்ஸுக்குத் திரும்புவோம். ஒருவன் தச்சனிடம் வண்டி செய்யச் சொல்கிறான். அச்சை மாத்திரம் தானே கொல்லனிடம் வாங்கித் தருகிறான். வண்டி சந்தைக்குப் போகும் வழியில் குடை சாய்ந்தது. அச்சின் குற்றமா, அச்சைப் பொருத்தியவன் குற்றமா? தச்சனுக்கும் கொல்லனுக்கும் சண்டை மூட்டிவிட்டு நடுவில் நிற்கிறவன் வண்டிக்குச் சொந்தக்காரன். பிரிட்டிஷ் இலாகா இதைத்தான் செய்தது. வண்டியின் 40 மில்லிமீட்டர் பீரங்கியை அது தானே வேறொரு கம்பெனியிடம் வாங்கி ஜெனரல் டைனமிக்ஸிடம் கொடுத்தது. சிப்பாய் காதில் மாட்டும் ஒலிக்கருவியும் படையில் ஏற்கெனவே வழங்கியதுதான். ஓசை எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தபோது, எஞ்சினிலிருந்தும் சங்கிலிச் சக்கரத்திலிருந்தும் வந்ததோடு, காதுக்கருவி வண்டியோடு இணைந்த வகையிலும் வந்தது என்று தெரிந்தது. அந்தக் கடைசிப் பகுதி யாருடைய கணக்கு? இதில் ஒரு வேடிக்கை, ராணுவத்தின் அந்தச் செய்தித் தொடர்பு ஏற்பாட்டுக்கும் முதன்மை ஒப்பந்தக்காரர் ஜெனரல் டைனமிக்ஸின் பிரிட்டிஷ் கிளைதான். தச்சனும் கொல்லனும் ஒரே வீட்டார் என்றாலும் இரண்டு பத்திரங்கள் இரண்டு பத்திரங்களே.

இத்துடன் நின்றால் இதை வக்கீல்களின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடலாம். நமக்கு மிகவும் மனவருத்தம் தரும் விஷயம் இனிமேல்தான் வருகிறது. 2018 டிசம்பரிலேயே ராணுவத்துக்குள் ஒரு பாதுகாப்பு அறிவிப்பு வெளியாகியிருந்தது. அதிர்வின் காரணமாக வண்டியை உபயோகிப்பதில் சில கட்டுப்பாடுகளை அது விதித்தது. வண்டியின் அமைப்பையே திருத்தவேண்டிவரும் என்றும் சொல்லிற்று. அதன்மேல் தக்க நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்று மந்திரியே 2021-ல் பார்லிமெண்டில் தெரிவித்தார். சோதனை ஓட்டம் முதல் முறை நிறுத்தப்பட்டது 2020 நவம்பரில். இடையில் ஏறக்குறைய இரண்டு வருஷம் சிப்பாய்கள் அந்த வண்டிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இரண்டு வருஷத்தை மனிதாபிமானத்தோடு பார்த்தால் நெஞ்சு கொதிக்கிறது. சட்டப்புத்தகத்தோடு பார்த்தால் வேறொன்று தெரிகிறது. குறையை அறிந்த பின்பும் நியாயமான காலத்துக்குள் மறுக்காமல் சரக்கை வைத்துக்கொண்டிருப்பவன் அதை ஏற்றுக்கொண்டவனாகிறான் என்பது நமது சட்டத்தின் 42-வது பிரிவு. ஏற்றுக்கொண்ட பிறகு, சரக்கைத் திருப்பியனுப்பும் உரிமை போய், நஷ்ட ஈடு கேட்கும் உரிமை மாத்திரம் எஞ்சும் என்பது 13-வது பிரிவு. பெரிய ராணுவ ஒப்பந்தங்கள் இந்தப் பொதுவிதிகளை விலக்கித் தங்களுக்கென ஷரத்துக்களை எழுதிக்கொள்வது வழக்கம் என்பதை நாம் அறிவோம். ஆயினும் எந்த மேஜையில் உட்கார்ந்து பேசினாலும், ‘உங்களுக்கு அன்றே தெரியுமே, ஏன் அன்று சொல்லவில்லை?’ என்ற கேள்விக்கு இலாகாவிடம் நல்ல பதில் இருக்கமுடியாது. சிப்பாயின் முறையீட்டை அதிகாரி கேளாமல் விட்டபோது காதோடு சேர்த்து சர்க்காரின் வழக்கும் பழுதாயிற்று. ஓடுகிற வண்டியில் குறை கூறிய கார்ப்பொரலின் ஒரு வரிக் குறிப்பு, பின்னால் எத்தனையோ வக்கீல்கள் சேர்ந்து எழுதும் நோட்டீஸைவிட விலை மதிப்புள்ளது. 2023 ஜூனில் வெளியான ஷெல்டன் என்ற நியாயவாதியின் விசாரணை அறிக்கையும், குற்றம் தனிமனிதர் சிலரிடம் மாத்திரம் இல்லை, இலாகாவின் நடைமுறையிலும் பழக்கவழக்கத்திலும் ஊறியிருந்தது என்றே கண்டது.

பணம் கொடுத்திருந்த விதத்தையும் பார்க்கவேண்டும். 2021 டிசம்பர் வரை கம்பெனிக்குப் போய்ச்சேர்ந்த தொகை சுமார் 320 கோடி பவுன். படைக்கு வந்துசேர்ந்த வண்டிகள் 26. மொத்தக் கிரயத்தில் பாதிக்குமேல் பணம் சென்றுவிட்டது; 589-ல் இருபதில் ஒரு பங்குகூட வண்டி வரவில்லை. வகுக்கும் வேலைக்கும், செய்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான வண்டிக்கூடுகளுக்கும், தொழிற்சாலைக்கும் சேர்ந்த பணம் இது என்பதால், வெறுங்கையாகக் கொடுத்தார்கள் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் பெண் வீட்டார் சீர் முழுவதும் கொடுத்த பிறகு மாப்பிள்ளையிடம் குறை கண்டால் எவ்வளவு அதட்டிப் பேசமுடியும்? நிலையான விலை என்ற ஷரத்து கம்பெனியைக் கட்டுகிறது என்று மந்திரிகள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்த ஷரத்தின் பலம் கையில் மிஞ்சியிருக்கும் பணத்தின் அளவே. 2022 ஜூனில் பொதுக் கணக்குக் கமிட்டி, இதைச் சீர்படுத்த முடியுமா, அல்லது கைவிடுவதா என்று அவ்வருஷ முடிவுக்குள் தீர்மானியுங்கள் என்றது. கைவிடுவதென்றால் கொடுத்த பணம் போயிற்று; மேற்கொண்டு வழக்கு வேறு. வேல்ஸில் மெர்த்தர் டிட்வில் என்ற ஏழைத் தொழிலாளர் நகரில் அத்தொழிற்சாலையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இருந்தன. 2023 மார்ச்சில் இலாகா மறுபடி பணம் கொடுக்கத் தொடங்கிற்று. முதல் தவணை 48 கோடி பவுன்.

ஜெர்மனியில் இதே நாடகம் வேகமாக நடந்து முடிந்தது. 2022 டிசம்பரில் ஒரு துப்பாக்கிப் பயிற்சியின்போது 18 பூமா கவச வண்டிகளில் 18-ம் செயலற்று நின்றன. பாதுகாப்பு மந்திரி லாம்பிரெக்ட் அம்மையார் மேற்கொண்டு பூமா வாங்குவதை நிறுத்திவைத்தார். செய்த கம்பெனிகளில் ஒன்றான ரைன்மெட்டால், பெரும்பாலானவை சில்லறைப் பழுதுகளே என்று பதில் கூறிற்று. சில வாரங்களுக்குள் ஒன்று தவிர மற்றவை ஓட்டத்துக்கு வந்துவிட்டன. வண்டியின் பலவீனம் மாத்திரமன்றி, பழக்கமும் பராமரிப்பும் போதாமையும் காரணம் என்று பேசப்பட்டது. 2023 மேயில் இன்னும் 50 பூமா வாங்க அதே சர்க்கார் ஒப்பந்தம் செய்தனர். அதற்குள் அம்மையார் பதவியை விட்டுப் போயிருந்தார். மூட்டை தூக்குகிறவன் இடறி விழுந்தால் மூட்டையின் குற்றமா, தூக்கினவன் குற்றமா என்று யாரும் தெளிவாகத் தீர்ப்புச் சொல்லவில்லை.

நிலையான விலையின் நல்ல பயனை நாம் மறுக்கவில்லை. அது இல்லாத காலத்தில் என்ன நடந்தது? இரண்டாவது மகாயுத்தத்தில் பிரிட்டன் ‘கவனன்டர்’ என்ற டாங்கியை 1,700-க்கு மேல் செய்தது. எஞ்சின் சூடு தணியாத குறையால் அதைப் போர்முனைக்கு அனுப்பவே முடியவில்லை, பயிற்சிக்குத்தான் பயன்பட்டது. யுத்தகாலத்து அவசரத்தில் அந்த நஷ்டம் முழுவதும் குடிகளின் தலையில் விழுந்தது. அதைவிட இன்றைய ஏற்பாடு மேலானதே. ஆனால் நிலையான விலையிலும் ஒரு பொந்து இருக்கிறது. பழுது பார்க்கும் செலவைக் கம்பெனி ஏற்றாலும், தாமதத்தின் செலவை யாரும் ஏற்பதில்லை. புது வண்டி வரும்வரை ஐம்பது வயதான பழைய வண்டிக்கு உதிரி பாகம் தேடுவது யார் செலவு? சோதனை மைதானத்தில் மாதக்கணக்கில் காத்திருக்கும் படைப்பிரிவின் சம்பளம் யார் செலவு? சிப்பாய்க்குக் காது போனால், படைவீரர் நஷ்ட ஈட்டுத் திட்டத்தின்படி கொடுக்கப்படும் பணம் சர்க்கார் பொக்கிஷத்திலிருந்துதான் புறப்படுகிறது. இவை எந்தக் கம்பெனியின் பேரேட்டிலும் எழுதப்படுவதில்லை. காது போனவனுக்குப் பணம் கிடைக்கும், காது கிடைக்காது.

2025 நவம்பர் 6-ந் தேதி, அஜாக்ஸ் படைப்பணிக்குத் தயார் என்று பிரிட்டிஷ் சர்க்கார் அறிவித்தனர். ஒப்பந்தச் சட்டத்தில் சரக்கை ஏற்பது என்பதும் இந்த அறிவிப்பும் ஒன்றல்ல என்பது மெய். ஆனால் நாமே கம்பெனியின் வக்கீலாயிருந்தால், அந்த அறிவிப்பை முதல் தஸ்தாவேஜாகத் தாக்கல் செய்வோம். பதினாறே நாள் கழித்து, 22-ந் தேதி, ஸாலிஸ்பரி சமவெளியில் நடந்த பயிற்சியில் சுமார் 30 சிப்பாய்களுக்கு ஓசையாலும் அதிர்வாலும் உண்டாகும் நோய்க்குறிகள் கண்டன. மந்திரி லூக் பாலார்ட் பயிற்சியில் அவ்வண்டிகளை உபயோகிப்பதை நிறுத்தி, விசாரணைக்கு உத்தரவிட்டார். தயார் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அந்தச் சொல்லால் யாருடைய பணப்பை இளகுகிறது, யாருடைய பணப்பை இறுகுகிறது என்ற கேள்வியை அந்தப் பதினாறு நாள் நம் முன் வைக்கின்றது.

இதை நாம் எழுதுவதற்கு அந்நியர் வீட்டுச் சண்டையை வேடிக்கை பார்க்கும் ஆசை காரணமல்ல. சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. 1965-ல் விஜயந்தா டாங்கியில் தொடங்கி, அர்ஜுன் முதலியவை அங்கிருந்து சென்றிருக்கின்றன. நெடுங்காலம் அத்தொழிற்சாலை சர்க்காரின் ஓர் இலாகாவாகவே நடந்தது. விற்பவரும் சர்க்கார், வாங்குபவரும் சர்க்கார். பழுது நேர்ந்தால் இடது பையிலிருந்து வலது பைக்குப் பணம் மாறும். வழக்கு என்ற பேச்சே எழாது. எழாததனால் பழுது யாருடையது என்பதும் வெளிவராது. 2021 அக்டோபர் 1-ந் தேதி பழைய ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து, ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். கவச வண்டிகளுக்கான கம்பெனியின் தலைமை ஸ்தலம் ஆவடியே. பங்குகள் சர்க்காரிடம் இருந்தபோதிலும், இனி அது ராணுவத்துக்குச் சரக்கு விற்கும் கம்பெனி; ராணுவம் ஒப்பந்தப்படி பணம் கொடுத்து வாங்கும் வாடிக்கைக்காரர்.

ஆகவே அந்த ஒப்பந்தங்களில் சில ஷரத்துக்கள் எப்படி எழுதப்படுகின்றன என்று கேட்கும் உரிமை இத்தேசத்தில் வரி செலுத்தும் ஒவ்வொருவருக்கும், முக்கியமாகச் சட்டசபைகளிலும் பார்லிமெண்டிலும் உட்காருகிறவர்களுக்கும் உண்டு. படையினர் ஓட்டிப்பார்த்து ஒப்புமுன் கிரயத்தில் எத்தனை பங்கு கையை விட்டுப் போகிறது? சர்க்கார் வாங்கித் தரும் பாகத்தால் பழுது நேர்ந்தால் யார் ஜவாப்தாரி என்று முன்கூட்டி எழுதியிருக்கிறதா? ஏற்கத்தக்கது என்று ருஜுப் போடுகிறவர் தொழிற்சாலையில் இருக்கிறாரா, ரெஜிமெண்டில் இருக்கிறாரா? ஓட்டுகிற சிப்பாய் எழுதும் குறைச்சீட்டு, ருஜுப் போடும் அந்த அதிகாரியின் மேஜைக்கு எத்தனை நாளில் போய்ச் சேருகிறது?